மிஞ்சிய வாஷர்

"எதையும் விட்டுடலைன்னு எப்படி மேடம் தெரிஞ்சுக்கறது?"

வந்திருந்த தேவசகாயம் உட்காரக்கூட இல்லை. ஷெட் வாசலில் நின்றபடியே கேட்டார்.

காந்திமதி ஒரு கார்புரேட்டரைப் பெட்ரோலில் அலசிக்கொண்டிருந்தார். குன்னூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். அதில் மூன்று பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்கள். தானே பிரிப்பார், தானே மாட்டுவார், தானே ஓட்டுவார். மலையில் யார் வீட்டுப் பழைய வண்டி முரண்டு பிடித்தாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள். அடுத்தவர் வண்டியை அவர் தொடவே மாட்டார் என்பது வந்த பிறகுதான் தெரியும்.

"எதை விட்டீங்க?" என்றார்.

தேவசகாயம் சொன்னார்.

அவருக்குக் கடைவீதியில் மருந்துக்கடை. இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை. எஸ்டேட் ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த இங்கிலாந்து பைக் ஒன்றை வாங்கி, வீட்டில் வைத்தே சரிசெய்தார். அது ஓடத் தொடங்கிய மாதம், ஞாயிற்றுக்கிழமை, மனைவி ரூபியைப் பின்னால் உட்காரவைத்து சர்ச்சுக்குக் கிளம்பினார். இறக்கத்து வளைவில் முன் பிரேக் பிடிக்கவில்லை. ஒரே ஒரு நட்டை அவர் முடுக்காமல் விட்டிருந்தார். வண்டி மண்மேட்டில் மோதி நின்றது. அவருக்குக் கீறல்கூட இல்லை. ரூபிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

"திட்டினாங்களா?"

"ஒரு வார்த்தை சொல்லல மேடம். கை சரியானதும் மறுபடி உட்காருவேன்னுதான் சொல்றா. எனக்குத்தான்..."



"வண்டி இப்போ எங்க?"

"சாப்பாட்டு மேசைமேல. முழுசாப் பிரிச்சுட்டேன். நாங்க அடுப்படில ஸ்டூல் போட்டுச் சாப்பிடறோம்."

காந்திமதி சிரிக்கவில்லை.

"நான் மாட்டிடறேன் மேடம். நீங்க ஒரு தடவை பார்த்து, சரியா இருக்குன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தை போதும்."

"உங்க வீட்ல டீ நல்லாயிருக்குமா சார்?" என்றார் காந்திமதி.

*

மறுநாள் சாயங்காலம் காந்திமதி தேவசகாயம் வீட்டுக்கு வந்தார்.

மேசை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, மேலே வண்டி பரவிக் கிடந்தது. காந்திமதி அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு பல்சக்கரத்தை எடுத்துப் பார்த்து வைத்தார். தேவசகாயம் நாற்காலி கொண்டுவர உள்ளே போனார். ரூபி இடக்கையால் டீ கொண்டுவந்தாள்.

டீயைக் குடித்து முடித்தார் காந்திமதி.

"இஞ்சி நல்லாப் போட்டிருக்கீங்க" என்று ரூபியிடம் சொன்னார். தேவசகாயத்திடம், "மாட்டிட்டு வாங்க சார்" என்றார்.

கிளம்பிவிட்டார்.

*

தேவசகாயம் மாட்டினார். கடையை அடைத்துவிட்டு வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

முடித்துப் பார்த்தால் மேசைமேல் ஒரு வாஷர் மிச்சம்.

ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, நடுவில் ஓட்டையோடு, கொஞ்சம் தடித்த எஃகு வளையம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தார். மறுபடி மாட்டினார்.

வாஷர் மேசைமேல்தான் இருந்தது.

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார்.

"மேடம், இது எங்க போறது?"

காந்திமதி உள்ளங்கையில் வைத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"உங்க வண்டி. என்னைக் கேக்கறீங்களே?"

"தெரியலையே மேடம்."

"சரி. தெரியல."

அவ்வளவுதான். கார்புரேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேவசகாயத்துக்குக் கோபமாக வந்தது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வந்ததும் கியர்பாக்ஸைத் திறந்தார்.

மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. அங்கே இருக்குமோ என்று கிளட்சைத் திறந்தார். இங்கே இருக்குமோ என்று பின்சக்கரத்தைக் கழற்றினார். ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, அதன் கீழே இருப்பதைத் தடவிப் பார்த்து, பழையபடி முடுக்கினார். எந்த நட்டு கடைசி அரைத் திருகில் இறுகும், எது முதலிலேயே இறுகிப்போய் ஏமாற்றும் என்று மணிக்கட்டுக்குப் பழகியது. ஸ்பேனரை எடுக்கும்போது அளவைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கை போய் எடுத்தது.

"அந்த இன்ஜினுக்குள்ள யாராவது குடியிருக்காங்களா?" என்று கேட்டாள் ரூபி.

அவள் கைக்கட்டைப் பிரித்திருந்தார்கள். கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று அவளே ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். முதலில் ஸ்பேனர் நழுவி விழுந்தது. போகப்போக விழவில்லை.

ஒருநாள் முன் பிரேக்கை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த நட்டுதான். முடுக்கினார். கை தானாக நின்றது. இன்னும் ஒரு சுற்று என்று மனசு சொன்னது. கை போதும் என்றது.

கையை எடுத்துவிட்டார்.

*

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, ஷெட்டுக்கு வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. காந்திமதி எட்டிப் பார்த்தார்.

தேவசகாயம் வண்டியை நிறுத்தி இறங்கினார். பின்னாலேயே ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ரூபி இறங்கினாள்.

"தனியா ஓட்டிப் பார்த்துட்டேன் மேடம். லாம்ஸ் ராக் வியூ பாயின்ட் வரைக்கும் போயிட்டு வந்தேன். இவளை இன்னும் பின்னால ஏத்தல" என்றார் தேவசகாயம்.

பையிலிருந்து வாஷரை எடுத்துக் காந்திமதியின் மேசைமேல் வைத்தார்.

"இது என் வண்டியோடது இல்ல."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒரு தண்டுல நுழைய மாட்டேங்குது, இன்னொண்ணுல ஆடுது. என் வண்டி அங்குலக் கணக்கு. இது மில்லிமீட்டர்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

காந்திமதி வாஷரை எடுத்தார். அலமாரியில் இருந்த ஒரு தகரடப்பாவைத் திறந்து உள்ளே போட்டார். அதில் அதேபோல் நிறைய இருந்தன.

தேவசகாயம் டப்பாவைப் பார்த்தார். காந்திமதியைப் பார்த்தார். டீ குடிக்க வந்த சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

"நீங்களா வச்சீங்க?"

காந்திமதி டப்பாவை மூடினார்.

"மழைக்காலம் பூரா மேடம்! தூக்கமில்லாம! எத்தனை தடவை பிரிச்சிருப்பேன் தெரியுமா?"

"வைக்கறப்போ நான் பார்த்தேன்" என்றாள் ரூபி.

தேவசகாயம் திரும்பினார்.

"டீ எடுத்துட்டு வரும்போது. பையிலேருந்து எடுத்து மேசைமேல வச்சாங்க. என்னைப் பார்த்துட்டாங்க. ஒண்ணும் சொல்லல."

"பார்த்துட்டு எங்கிட்டச் சொல்லலையா நீ?"

"சொல்லியிருந்தா மாட்டி முடிச்ச அன்னிக்கே, கை பழகறதுக்கு முன்னாடியே வண்டியை எடுத்திருப்பீங்க."

தேவசகாயம் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். ஷெட்டின் தகரத்திலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"இருந்தாலும் மேடம்... நீங்க ஒரு தடவை பார்த்துடுங்களேன். முன் பிரேக்கை மட்டுமாவது."

காந்திமதி கந்தல்துணியால் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, வெயிட் பண்ணட்டா, கிளம்பட்டா?"

ரூபி காந்திமதியைப் பார்த்தாள்.

காந்திமதி தேவசகாயத்தைப் பார்த்தார்.

"நீங்க கிளம்புங்க தம்பி" என்றார் தேவசகாயம்.