ஜோடி வண்டிக்குப் பின்னால்

“எந்த வண்டியை எடுக்கலாம்?” என்று கேட்டார் மாசிலாமணி.

குருவம்மாள் தன் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

மாசிலாமணி அந்தப் பாதங்களைப் பார்த்து மறுபடியும் கேட்டார். “நாலு மணிக்குள்ள சொல்லியாகணும். எந்த வண்டி?”

“பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை எடுங்கண்ணே.”

எடுத்துக் கொடுத்தார்.

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. கீழே ஊரில் ஒரு நூல் ஆலையில் முப்பது வருடம் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். இந்த மலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. குருவம்மாளுக்கு நாற்பது வயது. மலையில் ஜீப் ஓட்டத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது.

வந்த முதல் வாரமே மாசிலாமணி தன் காரைக் காப்பிச் செடிக்குள் விட்டார். கயிறு கட்டி இழுத்துக் கொடுத்தது குருவம்மாள். அன்றிலிருந்து மலையில் எதைச் செய்வதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் செய்வார்.

“பேரிலேயே குரு இருக்கே” என்பார். பாதி விளையாட்டு. பாதி நிஜம்.

குருவம்மாள் ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். மேற்கே பார்த்தார். மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது.

“எங்க நிக்குது ரெண்டு வண்டியும்?”

“முதல் வளைவுக்குக் கீழ.”

“வாங்க.”

மாசிலாமணியின் தோட்டம் பதினான்கு ஏக்கர். சவுக்கு மரமும் பலாவும் அடர்ந்த சரிவு. மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஜீப் பாதி தூரம்தான் போகும். அதற்கு மேல் ஒற்றை வண்டி அகலத்தில் செம்மண் தடம். தடத்தின் உச்சியில் நான்கு வீடுகள்.

அங்கேதான் ஒச்சம்மாளும் அவர் கணவர் முத்திருளனும் இருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் முத்திருளன் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தார். போர்வையில் கம்பு கோத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அந்த நான்கு பேரில் மாசிலாமணியும் ஒருவர். வழுக்கும் மண்ணில் பதினோரு முறை கீழே இறக்கி வைத்தார்கள். பதினோரு முறையும் முத்திருளன் கத்தினார்.

உயிர் பிழைத்துவிட்டது. கால் போய்விட்டது.

போன வாரம் ஒச்சம்மாள் வந்து நின்றார். “மழைக்கு முன்னாடி எங்களுக்கு நம்பிக்கையா ஒரு வழி சொல்லுங்க. இல்லாட்டி நாலு வீடும் இறங்கிருவோம். இன்னொரு ஆளைப் போர்வையில தூக்க நாங்க இங்க இருக்கப் போறதில்ல.”

அதனால்தான் இந்த வண்டிகள்.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பின்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத் தொட்டி. நாலு சக்கரமும் இழுக்கும். காட்டுத் தடத்தில் ஏறுவதற்கென்றே செய்த சின்ன வண்டி. தோட்டத்தில் அதற்குள்ளாகவே அதற்கு ‘ஜோடி வண்டி’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஒன்று சிவப்பு. ஒன்று பச்சை. இரண்டில் ஒன்று இங்கே நிற்கும். மற்றது லாரியில் ஏறித் திரும்பிப் போகும்.

விற்பனைக்காரர் தனிஸ்லாஸ் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சார், மழை வந்துட்டா லாரி இறங்காது. சிவப்பையே எடுங்க சார். கதவு, கண்ணாடி, ஏசி எல்லாம் இருக்கு. பின்னாடி பாக்க கேமரா.”

மாசிலாமணி தன் நோட்டைக் குருவம்மாளிடம் நீட்டினார். நாற்பது பக்க நோட்டு. இழுவை எவ்வளவு, சுமை எவ்வளவு, அடிவயிறு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று கோடு போட்டு எழுதியிருந்தார்.

குருவம்மாள் பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

“நல்லா எழுதிருக்கீங்க. கல்லு எங்க?”

“எந்தக் கல்லு?”

“வண்டி சறுக்கினா கல்லு யாரு கொடுப்பா?”

“யாராவது கொடுப்பாங்க.”

குருவம்மாள் தடத்தின் ஓரத்தில் தேடி, தேங்காயைவிடப் பெரிதாக ஒரு கல்லை எடுத்தார். மாசிலாமணியின் கையில் வைத்தார்.

“இன்னிக்கு அந்த யாராவது நீங்கதான்.”

மலையில் பாரம் ஏற்றிய வண்டி தனியாக ஏறாது. பின்னால் ஒருவர் கல்லோடு நடப்பார். வண்டி சறுக்கினால் ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்து, “கல்லு!” என்பார். பின்னால் வருகிறவர் டயருக்கு அடியில் கல்லை வைத்து, “கொடுத்தாச்சு!” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் பிரேக்கிலிருந்து கால் எடுக்கலாம்.

கல் சரியாக உட்காராவிட்டால் கையை உள்ளே விட்டுத் திருப்ப வேண்டியிருக்கும். அப்போது சொல்வது ஒரே ஒரு சொல். “கை!”

அந்தச் சொல் வந்துவிட்டால் ஓட்டுகிறவர் அசையக் கூடாது. மறுபடி “கொடுத்தாச்சு” வரும் வரை மிதித்த கால் மிதித்தபடியே இருக்க வேண்டும்.

தனிஸ்லாஸுக்கும் இதைச் சொன்னார்கள். அவர் சிரித்தார். “கல்லா? இதுல அதெல்லாம் தேவையே படாதுக்கா. தானே பிடிச்சுக்கும்.”

“பிடிச்சா சந்தோசம் தம்பி. ஓட்டுங்க.”

தொட்டியில் ஆள் கனத்துக்கு இரண்டு மணல் மூட்டை ஏற்றினார்கள். சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. மாசிலாமணி கல்லோடு பின்னால் நடந்தார். குருவம்மாள் பக்கவாட்டில் வந்தார்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. நிற்காமல் ஏறியது. மாசிலாமணிக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் மனசுக்குள் ‘சிவப்புதான்’ என்று முடிவு கட்டினார்.

மூன்றாவது வளைவில் சருகு மெத்தையாகக் கிடந்தது.

டயர் சுற்றியது. வண்டி ஏறவில்லை. பிரேக் பிடித்தது. சக்கரம் நின்றது. ஆனால் சருகோடு சேர்ந்து வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது.

மாசிலாமணி ஓடிப்போய்க் கல்லை வைத்தார். கல் சருகில் சாய்ந்தது. கையை உள்ளே விட்டார்.

“கை!”

வண்டியின் பின்னால் எரிந்த பிரேக் விளக்கு அணைந்தது.

“கை! கை!”

டயர் உருண்டது.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மாசிலாமணி மல்லாக்க விழுந்தார். அவர் விரல்கள் இருந்த இடத்தில் டயர் ஏறி, கல்லில் இடித்து நின்றது.

சட்டையைப் பிடித்திருந்தது குருவம்மாள்.

தனிஸ்லாஸ் கதவைத் திறந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. “நீங்க கத்துனது கேட்டுச்சு சார். கொடுத்தாச்சுன்னு சொன்னீங்கன்னு நெனச்சேன்.”

“கையின்னு கத்துனேன்யா!”

“கண்ணாடி ஏத்தியிருந்துச்சு சார்…”

“கேமராவுல பாக்க வேண்டியதுதானே!”

தனிஸ்லாஸ் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கேமராவின் கண்ணில் செம்மண் அப்பியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தார்.

மாசிலாமணி தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். பத்தும் இருந்தன.

“இதைக் கீழ இறக்கிட்டுப் பச்சையைக் கொண்டாங்க” என்றார் குருவம்மாள்.

மணல் மூட்டைகளைப் பச்சை வண்டிக்கு மாற்றினார்கள். அதற்குக் கதவு இல்லை. கண்ணாடி இல்லை. தலைக்கு மேல் ஒரு தகடு, அவ்வளவுதான். அது முதல் வளைவிலேயே திணறியது. மூன்றாவது வளைவில் சறுக்கியது.

“கல்லு!” என்றார் தனிஸ்லாஸ். தெளிவாகக் கேட்டது.

“கை!” என்றார் மாசிலாமணி. சும்மா ஓர் அடி தள்ளி நின்றுதான் சொன்னார். இந்த முறை கையை விடத் துணிச்சல் வரவில்லை.

வண்டி அசையவில்லை. கல்லைக் காலால் டயருக்கு அடியில் தள்ளினார்.

“கொடுத்தாச்சு!”

வண்டி முனகிக்கொண்டு ஏறிப் போய்விட்டது.

மாசிலாமணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “புரிஞ்சுருச்சு. பச்சைதான்.”

“ஏன்?”

“கூப்பிட்டாக் கேக்குது.”

குருவம்மாள் தலையை ஆட்டினார். “அப்ப தனிஸ்லாஸ் தம்பியையும் சேத்தே வாங்கிருங்க.”

“அவர் எதுக்கு?”

“கேட்டது அவருக்குத்தானே. நாளைக்கு ஓட்டப் போறது யாரு?”

தனிஸ்லாஸ் வண்டியை மேலே திருப்பிக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். மாசிலாமணி இறங்கி வந்து அதில் ஏறினார். தனிஸ்லாஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். குருவம்மாள் கல்லை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

தடத்தின் மேலே, வரப்பில் யாரோ நிற்பது தெரிந்தது. ஒச்சம்மாள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது.

முதல் தூறல் தகட்டில் விழுந்தது.

“சீக்கிரம் சார்” என்றார் தனிஸ்லாஸ். “ரெண்டாவது வளைவுல வேகம் குறைக்காதீங்க. இதோட ஸ்பிரிங் இருக்கே, அது என்னன்னா…”

மாசிலாமணிக்கு ஸ்பிரிங் பற்றிக் காதில் விழவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். முதல் வளைவு. இரண்டாவது வளைவு.

மூன்றாவது வளைவில் சருகு நனைந்திருந்தது.

டயர் சுற்றியது. பிரேக்கை மிதித்தார். வண்டி அரை அடி பின்னால் போய் நின்றது.

“கல்லு!”

பதில் இல்லை.

“கல்லு!”

பதில் இல்லை.

“கொடுத்திருப்பாங்க சார்” என்றார் தனிஸ்லாஸ். “கால் எடுத்து மிதிங்க. ஏறிரும்.”

“அவங்க சொல்லல.”

“மழையில சொன்னது கேட்டிருக்காது சார்.”

“கொஞ்சம் பேசாம இருங்க.”

“இங்க நின்னா இன்னும் சறுக்கும் சார். லாரி வேற…”

“வாயை மூடுங்கய்யா!”

மாசிலாமணி அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. தனிஸ்லாஸ் வாயை மூடிக்கொண்டார்.

மாசிலாமணி என்ஜினை அணைத்தார்.

இப்போது மழை கேட்டது. இலைகள் கேட்டன. எங்கோ ஓடை கேட்டது. பின்னாலிருந்து எதுவும் கேட்கவில்லை. கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் மூட்டைகள்தான் தெரிந்தன. டயர் தெரியவில்லை. எழுந்து பார்க்கலாமென்றால் காலை எடுக்க வேண்டும்.

“கையா?” என்று கத்தினார். “குருவம்மா, கையா?”

மழை மட்டும்.

வலது கால் நடுங்கத் தொடங்கியது. முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டார். வண்டி ஓர் அங்குலம் சறுக்கியது. இன்னும் பலமாக மிதித்தார். தொடை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

“இறங்கிப் பாருங்க” என்றார் மெல்ல. “வண்டியை ஆட்டாம இறங்குங்க.”

தனிஸ்லாஸ் இறங்கினார். பின்னால் போனார்.

“சார்! இங்க யாருமே இல்ல சார்!”

“என்னது?”

“அக்கா கீழ பாறை மேல உக்காந்திருக்காங்க!”

மாசிலாமணி காலை எடுக்கவில்லை.

“டயருக்கு அடியில பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். கல்லும் இல்ல, கையும் இல்ல.”

குருவம்மாள் மெதுவாக ஏறி வந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் கல் இருந்தது.

“ஏண்ணே நிக்கிறீங்க? நான்தான் ரெண்டாவது வளைவுலயே உக்காந்துட்டேனே.”

“அது எனக்குத் தெரியாதே!” மாசிலாமணி கத்தினார். “நீங்க அடியில இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!”

“தம்பிதான் ஏறிரும்னாரே.”

“கொடுத்தாச்சுன்னு நீங்க சொல்லலையே.”

குருவம்மாள் அவருடைய காலைப் பார்த்தார். மழையில் அது மாட்டின் தோல் சிலிர்ப்பது போல நடுங்கிக்கொண்டிருந்தது. மிதி இன்னும் அடிவரை அழுந்தியிருந்தது.

மேலே வரப்பிலிருந்து சருகு மிதிபடும் சத்தம் வந்தது. ஒச்சம்மாள் சரிவில் நேராக இறங்கி வந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். குருவம்மாளின் கையிலிருந்த கல்லை வாங்கிக்கொண்டார்.

வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

“சார், லாரிக்காரர் கூப்பிடுறார்” என்றார் தனிஸ்லாஸ். “பச்சைன்னே சொல்லிரவா?”

மாசிலாமணி, பொறுங்கள் என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினார்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

“கை.”