மூக்குத் துவையல்

"மன்னிக்கிறதுக்குச் சரியான நேரம் எது, சிஸ்டர்?"

மரியசூசை கேட்டது இதைத்தான். ஏழு மாதமாக இதையேதான் கேட்கிறார்.

சிஸ்டர் தெக்லா மண்வெட்டியை நீட்டினார்.

"மொதல்ல அந்தக் கிழங்கத் தோண்டுங்கய்யா."

கேட்டதற்கும் சொன்னதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? அந்த மடத்தில் எல்லாமே அப்படித்தான். வாயால் கேட்டால் கைக்கு வேலை வரும்.

மடம் கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் இருந்தது. தெக்லா அதன் தலைவி. வயது நாற்பது. மரியசூசைக்கு அறுபத்து மூன்று. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வயதில் மகள் வயதுக்காரி முன்னால் வந்து கைகட்டி நிற்கிறார் என்றால், உள்ளே எவ்வளவு எரிந்திருக்க வேண்டும்! தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் மடத்துப் படி ஏறினார், அங்கேயே தங்கிவிட்டார். தம்பி என்ற சொல்லைக் கேட்டால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் தோண்டினார்.

குதிரை முள்ளங்கி லேசில் வருகிற கிழங்கு இல்லை. பாதி கையோடு வந்தது. மீதி மண்ணுக்குள்ளேயே ஒடிந்தது.

முழுவதையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு உள்ளே கிடந்தாலும் அடுத்த வருஷம் முளைத்துவிடும், முழுசாக எடுத்தவர் இதுவரை யாரும் இல்லை என்று தெக்லா சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் உயிர்ப்புத் திருநாள். நாற்பது நாள் கறி தொடாத வாய்கள் நாளை மத்தியானம் மடத்துக்கு வரும். உப்பில் ஊறவைத்த பன்றித் தொடை உண்டு, மாட்டு ரோஸ்ட் உண்டு. அதற்குத் தொட்டுக்கொள்ளத்தான் இந்தக் கிழங்கு.

மடத்தைத் தொடங்கிய போலந்துக்காரக் கன்னியாஸ்திரி தன் ஊரிலிருந்து கொண்டுவந்து நட்ட செடி அது. கிழங்கைத் துருவி, வினிகர் ஊற்றி, அவித்த பீட்ரூட்டைத் துருவிச் சேர்த்துப் பிசைய வேண்டும். காரம் நாக்கில் நிற்காது, நேரே மூக்குக்கு ஏறும். அந்தம்மா அதற்கு என்ன பெயர் சொன்னாரோ, எஸ்டேட் ஜனங்களின் வாயில் அது நுழையவில்லை. அவர்கள் வைத்த பெயர் மூக்குத் துவையல்.

சமையல்கட்டின் பின்வாசலில் இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளே உட்கார்ந்து துருவினால் கண்ணைத் திறக்க முடியாது.

தெக்லா முதல் கிழங்கைத் துருவினார். துருவிய கையோடு வினிகரை ஊற்றினார். ஒரு சிட்டிகை எடுத்து நீட்டினார்.

மரியசூசை வாயில் போட்டார். சும்மா முள்ளங்கி மாதிரிதான் இருந்தது. இதற்கா இந்தப் பாடு என்று கேட்டார்.

தெக்லா இரண்டாவது கிழங்கைத் துருவினார். இந்தமுறை வினிகரைத் தொடவில்லை.

"கடிகாரத்தப் பாருங்க. மூணு நிமிஷம்."

கடிகாரம் பார்க்கிற வேலையில் மரியசூசையை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. முப்பத்தைந்து வருஷம் அதைத்தான் செய்தார். மூன்றாவது நிமிஷம் முடிந்ததும் தலையாட்டினார். தெக்லா ஊற்றினார். ஒரு சிட்டிகை நீட்டினார்.

ஆத்தாடி! மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். மூக்கு, நெற்றி, உச்சந்தலை என்று ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரித்ததைத் தெக்லா பார்த்தார்.

"மூணு நிமிஷத்துக்கு மேல போனா?"

"இன்னும் ஒரு கிழங்கு இருக்கு," என்றார் தெக்லா. "நீங்க துருவுங்க. நீங்களே ஊத்துங்க."

அவர் துருவத் தொடங்கினார். நன்றாகத்தான் துருவினார். துருவி முடிக்கிற நேரத்தில் தெக்லா மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"உங்களுக்குத்தான். லூர்து போன் பண்ணாங்க. நாளைக்கு உங்க தம்பியக் கூட்டிட்டு வர்றாங்களாம். அதுக்கு முன்னாடி இதப் படிக்கச் சொன்னாங்க."

லூர்து என்பவள் தம்பி சவரிநாதனின் மனைவி.

மரியசூசையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கடிதத்தைக் கையால் தொடவில்லை. கண்ணால் மட்டும் பார்த்தார்.

அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டியில் இப்படிக் கடிதங்கள் இருந்தன. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று. பத்தொன்பது வருஷத்துக் கடிதங்கள். ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. பிரிக்காமல் இருந்ததில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

"பாத்தீங்களா சிஸ்டர், இப்ப ரெண்டு வருஷமாப் பொண்டாட்டி கையெழுத்து. ஐயாவுக்குத் தன் கையால எழுதக் கௌரவம் இடங்குடுக்கல."

அப்புறம் ஆரம்பித்தார். தெக்லா ஏற்கெனவே பலமுறை கேட்ட கதைதான். ஆனாலும் கேட்டார்.

அம்மா இறந்தபோது மரியசூசை வடக்கே ஜான்சியில் இருந்தார். தந்தி கிடைத்த உடனே கிளம்பினார். திண்டுக்கல்லுக்கு வந்து சேர மூன்றாம் நாள் மாலை ஐந்து மணி. நான்கு மணிக்கே பெட்டியை மூடி, எடுத்துக்கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். அம்மா முகத்தை அவர் பார்க்கவில்லை. கல்லறையில் ஈர மண்தான் இருந்தது. அதில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, வீட்டு வாசல்கூட ஏறாமல், அப்படியே திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். பின்னாலேயே தம்பி கத்திக்கொண்டு ஓடிவந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு மணி நேரம் சிஸ்டர். ஒரே ஒரு மணி நேரம். எனக்காக அவனால நிறுத்தி வைக்க முடியல."

தெக்லா ஒன்று கேட்டார். கார்டாக இருந்தபோது, பிளாட்பாரத்தில் ஓடிவருகிறவர்களைப் பார்த்துப் பச்சைக் கொடியை எத்தனை தடவை இறக்கி வைத்திருக்கிறார் என்று.

"அது எப்படி? டைம்னா டைம்."

சொல்லிவிட்டு அவர் மறுபடி தொடர்ந்தார். தம்பி சின்ன வயதிலிருந்தே அப்படி இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றார். பாகற்காய் வைத்த அன்றைக்கெல்லாம், அம்மா அந்தப் பக்கம் திரும்பும்போது இவர் தட்டிலிருந்து அள்ளித் தன் வாயில் போட்டுக்கொள்வானாம். இவருக்குக் கசப்பு ஆகாது. இன்றைக்கு வரைக்கும் ஆகாது. மடத்தில்கூடப் பாகற்காய் வைத்தால் அவருக்குத் தயிர்தான். அப்பேர்ப்பட்டவன், அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்தான்?

நாளை வரட்டும் என்றார். வந்து வாசலில் நிற்கட்டும். சாப்பாடு முடிகிற வரைக்கும் இவர் பேசப்போவதில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, அவனாகவே வாயைத் திறந்து கேட்க வேண்டும். அப்போது யோசிப்பார்.

பேசிக்கொண்டே பீட்ரூட்டை உரித்தார். உரித்த தோல் கடிதத்தின்மேல் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. மேலும் மேலும் அங்கேயே போட்டார்.

தெக்லா கிண்ணத்தைச் சுட்டினார்.

துருவிய கிழங்கு பழுப்பேறிக் கிடந்தது. வினிகர்ப் புட்டி பக்கத்திலேயே, திறந்தபடி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் முக்கால் மணி ஓடியிருந்தது.

பதறிப்போய் ஊற்றினார். கலக்கினார். ஒரு சிட்டிகை வாயில் வைத்தார்.

காரம் போயே போய்விட்டது. மூக்குக்கு ஒன்றும் ஏறவில்லை. கசப்பு மட்டும் நாக்கில் அப்பிக்கொண்டது. துப்பினார். வாய் கொப்பளித்தார். போகவில்லை.

கொட்டிவிடலாம், தோட்டத்தில் வேறு கிழங்கு இருக்கிறது என்றார்.

வேண்டாம், பீட்ரூட்டைப் போட்டுப் பிசையுங்கள் என்றார் தெக்லா.

அவர் பிசைந்தார். பழுப்பு மறைந்து செக்கச்செவேல் என்று ஆனது. பார்வைக்கு நல்ல கிண்ணம் எது, கெட்ட கிண்ணம் எது என்று தெரியவில்லை.

"இத யாருக்கு வைக்கிறது?"

"துருவுனது நீங்க. யாருக்கு வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

யாருக்கு என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பந்தி விரித்தபோது, தன் இடத்துக்கு எதிரே இருந்த இடத்தில் அந்தக் கிண்ணத்தைத் தன் கையாலேயே கொண்டுபோய் வைத்தார். தெக்லா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு அவர்கள் வந்தார்கள்.

முதலில் லூர்து வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சவரிநாதன் வந்தான். ஐம்பத்தெட்டு வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது.

மரியசூசை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நினைத்து வைத்திருந்தபடியே முகத்தை வைத்துக்கொண்டார்.

சவரிநாதன் அவரைப் பார்த்தான். கும்பிட்டான். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கும்பிடுகிற மாதிரி கும்பிட்டான்.

"வணக்கங்கய்யா," என்றான்.

பிறகு உட்கார்ந்தான். எதிரே இருந்தவரை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லூர்து குனிந்து மெல்லிய குரலில் கேட்டாள்.

"அத்தான், கடுதாசியப் படிச்சீங்கள்ல?"

மரியசூசை தன் தட்டை நேராக நகர்த்தி வைத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னாள். இரண்டு வருஷமாகத் தன் புருஷனுக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. பேனா பிடிக்கத் தெரியவில்லை. பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்கிறார். போகாமல் இருப்பது ஒரே ஒரு நாள்தான். காலையில் எழுந்ததிலிருந்து அந்த நாளிலேயேதான் இருக்கிறார்.

எந்த நாள் என்று மரியசூசை கேட்கவில்லை.

சவரிநாதன் பந்தியில் தன் பக்கத்தில் இருந்தவர் கையைத் தொட்டான்.

"பெட்டிய மூடிராதீங்க. எங்க அண்ணே ஜான்சியிலருந்து வருது. வந்துரும்."

அன்றைக்கும் இதையேதான் சொன்னார் என்றாள் லூர்து. மழை, உடம்பு தாங்காது, சாமியாருக்கு நேரமாகிறது என்று பெரியவர்கள் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். இவர் மட்டும் மூடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். மூடி விழுந்தது.

அப்போதுதான் மரியசூசை அந்த இடது கையைப் பார்த்தார். நடுவிரலும் மோதிர விரலும் கோணி இருந்தன. ஸ்டேஷன் வரைக்கும் பின்னால் ஓடிவந்தவன் கையில் துணி சுற்றியிருந்ததா? அவர் திரும்பிப் பார்க்கவில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து இடம்விட, தம்பியின் அருகில் உட்கார்ந்தார்.

"சவரி. நான்தாண்டா. வந்துட்டேன்."

சவரிநாதன் அவருடைய நரைத்த தலையை மரியாதையோடு பார்த்தான்.

"இல்லங்கய்யா. எங்க அண்ணே சின்ன வயசு. முடியெல்லாம் கருகருன்னு இருக்கும். ரயில்வேத் தொப்பி வச்சிருக்கும்."

மரியசூசை தெக்லாவைத் திரும்பிப் பார்த்தார். ஏழு மாதமாகக் கேட்ட கேள்வி இப்போது வாயில் இல்லை.

தெக்லா உள்ளே போனார். இன்னொரு தட்டு எடுத்து வந்து, சவரிநாதனுக்கு மறுபக்கத்தில், ஆள் இல்லாத இடத்தில் வைத்தார்.

சவரிநாதனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஆமா, அண்ணனுக்கு வைங்க. பசியோட வரும்."

அந்தத் தட்டில் கறி விழுந்தது. பரிமாறிக்கொண்டு வந்த பெண் சவரிநாதன் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்து, அதில் ஒரு கரண்டி சிவப்புத் துவையலையும் அள்ளி வைத்தாள்.

சவரிநாதன் விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தான். முகம் சுருங்கியது. சட்டென்று வாசலைப் பார்த்தான். யாரும் வரவில்லை. பிறகு இந்தப் பக்கம் சாய்ந்து, முழுப் பந்திக்கும் கேட்டுவிடாதபடி மரியசூசையின் காதில் சொன்னான்.

"இது கசக்குதுங்கய்யா. எங்க அண்ணனுக்குக் கசப்பு ஆகாது. நீங்க வாசல்ல ஒரு கண்ணு வச்சுக்கங்க."

அந்தக் கோணல் விரல்களால் அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"அது வர்றதுக்குள்ள நான் தின்னுர்றேன்."