ஏரியல் ஒடிந்த மறுநாள்

பரஞ்சோதி அண்ணாச்சி ரேடியோ ட்யூனர் பெட்டியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி இசபெல் டீச்சர் வீட்டுப் படியேறினார். வந்த ஆத்திரத்தில் செருப்பை வாசலிலேயே உதறிவிட்டார்.

தூத்துக்குடியில் அவருக்கு உப்பு வியாபாரம். டீச்சர் வயதில் அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் அவர்தான் குரு. பாட்டைக் கேட்பது எப்படி என்று அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் அண்ணாச்சி கற்றுக்கொண்டார். பழைய ட்யூனர் ஒன்றைத் தேடி வாங்கச் சொன்னதும் டீச்சர்தான். அதற்கென்று ஸ்பீக்கர் கிடையாது. காற்றில் வருகிற வானொலியைப் பிடித்துக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. கனத்த குமிழைத் திருப்பினால், விளக்கெரியும் கண்ணாடிக்குப் பின்னால் முள் வழுக்கிக்கொண்டு போகும். அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே அண்ணாச்சி சாப்பாட்டை மறந்த நாட்கள் உண்டு.

"ஏரியல ஒடிச்சுப்புட்டான், டீச்சர்."

"யாரு?"

"வேற எவன் ஒடிப்பான்? சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கானே, என் தம்பி பொன்னுலிங்கந்தான். மாடிச் சுவரேறி வந்து, கடப்பாரையால அடிச்சு வளைச்சுப் போட்டிருக்கான். விடமாட்டேன். இங்கேருந்து நேரா போலீசுக்குத்தான் போறேன்."

"அப்போ இங்க எதுக்கு வந்தீங்க?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஏரியல் இல்லாம பெட்டி ஊமையாயிட்டு. வேற வழி இருக்கான்னு கேக்கலாம்னு..."

"ஏன் ஒடிச்சாரு?"

"திமிரு. வேறென்ன?"

டீச்சர் வாசற்படியை விட்டு நகரவில்லை. மிச்சத்தையும் சொல்லாமல் முடியாது என்று அண்ணாச்சிக்குத் தெரிந்தது.

"அவன் பொண்டாட்டி நேத்து கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டாளாம். தலையில அடி. சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு என்னைக் கூப்பிட்டானாம், காரை எடுக்கச் சொல்லி. நான் வரலையாம். ஆட்டோவுல கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேத்துட்டு, திரும்பி வந்து ஏரியல ஒடிச்சிருக்கான். நீங்களே சொல்லுங்க. பொண்டாட்டி அங்க கிடக்கா. இவனுக்கு என் மாடியில என்ன வேலை?"

"இப்போ அவங்க எப்படி இருக்காங்க?"

"தெரியாது."

டீச்சரின் முகம் மாறியது. பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி மேசைமேல் வைத்தார். தம் வீட்டு ஏரியல் கம்பியை அதில் சொருகினார். ஒலி பெருக்கும் தம் ஆம்ப்ளிஃபயரோடு பெட்டியை இணைத்து, ஸ்பீக்கர் கம்பிகளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். கண்ணாடி ஒளிர்ந்தது. குமிழைத் திருப்பினார். உள்ளூர் நிலையம் ஒன்று கூடத்தை நிறைத்துப் பாடியது. இன்னும் திருப்பினார். பாட்டு நின்றது. முள் எந்த நிலையத்திலும் சேராமல் வெற்றிடத்தில் நின்றது.

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு." அந்த நேரத்திலும் அண்ணாச்சிக்குப் பெருமை. "இந்தப் பெட்டியோட குணமே அதுதானே டீச்சர்."

ட்யூனரின் முகப்பில் மியூட்டிங் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அது கீழே இறங்கியிருந்தால், நிலையங்களுக்கு நடுவில் வருகிற இரைச்சலைப் பெட்டியே அடக்கிவிடும். வாங்கிய நாளிலிருந்து அண்ணாச்சி அதை மேலே ஏற்றியதில்லை.

டீச்சர் ஏற்றினார்.

மழை தகரத்தில் விழுவதுபோல இரைச்சல் கொட்டியது. அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார்.

"அணைங்க டீச்சர். சகிக்கல."

"உக்காருங்க."

"சுத்தமா கேக்கணும்னு நீங்கதானே கத்துக் குடுத்தீங்க?"

"கேக்கத்தான் கத்துக் குடுத்தேன்!"

அவர் குரல் உயர்ந்து அண்ணாச்சி இதுவரை கண்டதில்லை. சட்டென்று உட்கார்ந்தார். எரிச்சல் தலைக்கேறியது. ஒரு வியாபாரியை, இந்த வயதுக்காரனை, பள்ளிக்கூடப் பிள்ளையை அதட்டுவதுபோல் அதட்டுகிறாரே என்று பல்லைக் கடித்தார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். பெட்டி அங்கே இருந்தது. போகவில்லை.

இரைச்சல் விடாமல் பெய்தது. டீச்சர் முள்ளை மயிரிழை அளவு நகர்த்தினார்.

இரைச்சலுக்கு அடியில் என்னவோ அசைந்தது. முதலில் பிரமை என்று அண்ணாச்சி நினைத்தார். பிறகு அது ஒரு பெண்ணின் குரலாயிற்று. கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையம். நிதானமான தமிழில் யாரோ ஒருவரின் மரண அறிவித்தலை வாசித்துக்கொண்டிருந்தாள். பெயர் இரைச்சலில் போய்விட்டது. "...அன்னார், காலஞ்சென்ற..." மறுபடி இரைச்சல். "...ஆகியோரின் அன்புச் சகோதரியும்..." மறுபடி இரைச்சல். "...உற்றார், உறவினர் அனைவரும்..."

அண்ணாச்சி காதிலிருந்து கையை எடுத்திருந்தார்.

"இது எப்போ வந்துச்சு?"

"வந்துக்கிட்டேதான் இருக்கு. சன்னமா வர்றதை எல்லாம் பெட்டி இரைச்சல்னு தள்ளிட்டிருந்துச்சு. நீங்க அப்படிச் சொல்லி வச்சிருக்கீங்க."

அந்தப் பெண் அடுத்த அறிவித்தலைத் தொடங்கினாள். அண்ணாச்சி முன்னால் குனிந்து கேட்டார். பிறகு, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"கேட்டுச்சு, டீச்சர்."

டீச்சர் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"நேத்து அவன் கத்துனது எனக்குக் கேட்டுச்சு. பாட்டுக்கு ஊடால, லேசா. வீட்டைப் பாகம் பிரிச்சதுலேருந்து தெனம் கத்துதான். நேத்தும் சண்டைக்குத்தான் கூப்பிடுதான்னு நினைச்சேன். சத்தத்தைக் கூட்டி வச்சேன்."

சொல்லி முடித்ததும் அவருக்குக் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. முஷ்டியால் தன் தொடையில் குத்திக்கொண்டார். மறுபடியும் குத்தினார். டீச்சர் தடுக்கவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். பெட்டியை எடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர், செருப்பை மாட்டாமல் திரும்பினார்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

"சரி."

"அவன் சும்மா இருக்க மாட்டான், டீச்சர். அத்தனை பேர் முன்னாலயும் வாய்க்கு வந்தபடி ஏசுவான். அப்பன் ஆத்தா வரைக்கும் இழுப்பான். அவ்வளவையும் நான் நின்னு கேக்கணுமா?"

"ஒண்ணு விடாம கேளுங்க, அண்ணாச்சி. 'அண்ணே'ங்கிறது அதுக்கு ஊடாலதான் வரும்."