பல்லி ஒன்று, வெயில் ஒரு துண்டு

ஓடைக்குறிச்சி தங்கப்பழம் அண்ணாச்சி வாடகைக்கு விட மாடியில் ஒரு வீடு கட்டினார். தம்பிகள் சொரிமுத்துவும் இசக்கியப்பனும் கூடமாட ஒத்தாசை செய்தார்கள். அதனால் நாலு வருஷம் ஆனது. முதலில் குடிவந்தவர் தையல் டீச்சர் மரகதவல்லி. அட்வான்ஸ் முப்பதாயிரம்.

வீட்டுத் தரகர் சொல்லிவிட்டுப் போனார்: “குடுக்கும்போது வீடு எப்படி இருந்துச்சோ, காலி பண்ணும்போதும் அப்படியே இருந்தா முழு அட்வான்ஸையும் திருப்பிக் குடுத்துரணும். எதையும் விடாம எழுதி வச்சுக்கிடுங்க.”

எதையும் விடவில்லை. டீச்சர் வாசலில் காத்து நிற்க, மூவரும் கூடிக் கூடிப் பேசி நோட்டில் எழுதினார்கள். ஃபேன் இரண்டு. சுவரில் பல்லி ஒன்று, முழு வாலோடு. அடுப்படியில் வெயில் ஒரு துண்டு. வெயிலைச் சுற்றிப் பெயிண்டால் கோடும் போட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் டீச்சருக்குப் பக்கத்து ஊருக்கு மாற்றல். சாமான் ஏற்றிய வண்டி கீழே நின்றது. ஆறு மணிக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று புது வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். தங்கப்பழம் முப்பதாயிரத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தார்.

ஃபேன் சரி. வெயிலைக் காணோம். அன்றைக்கு எழுதியது நாலு மணிக்கு, இப்போது பத்துதானே என்றார் டீச்சர். நியாயம்தான். நாலு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். வெயில் வந்தது. சொரிமுத்து சாண் போட்டு அளந்தான்.

“அண்ணே, கோட்டை விட்டு ரெண்டு சாண் தள்ளிக் கிடக்கு. டீச்சர் நகட்டியிருக்காவ.”

பல்லியும் அகப்பட்டது, பாதி வாலோடு. வாலுக்கு எவ்வளவு பிடிப்பது என்று தங்கப்பழம் யோசித்தார்.

“பிடிக்க வேண்டாம்ணே, அது வளந்துரும்” என்றான் இசக்கியப்பன். “வளர்ற வரைக்கும் டீச்சர் இருக்கட்டும்.”

“அதுக்குள்ள வெயில் இன்னும் நகந்துட்டா?” என்றான் சொரிமுத்து.

மணி ஐந்து. கீழே வண்டிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“அண்ணாச்சி, ‘ஹாலில் தங்கப்பழம் ஒன்று, நிற்கிறார், சட்டைப் பை காலி’ன்னு எழுதியிருக்கே?”

“ஆமா, நீங்க அப்ப அட்வான்ஸ் குடுக்கலல்லா.”

“இப்ப பை காலியா?”

தங்கப்பழம் தொட்டுப் பார்த்தார். உப்பியிருந்தது. பல்லியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோமே, வீட்டை இந்தக் கோலத்துக்கு ஆக்கியது நாமல்லவா? முப்பதாயிரத்தையும் டீச்சர் கையில் திணித்து, வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். டீச்சர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார். வண்டி போய்விட்டது.

நிம்மதியாகக் கடைசி வரிக்கு வந்தார் தங்கப்பழம். ‘வாசலில் டீச்சர் ஒன்று.’ எட்டிப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை.

மூவரும் வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். தெருமுனையில் சொரிமுத்து சட்டென்று நின்றான். “அண்ணே, நீ எங்க ஓடி வாற? ஹால்லல்லா இருக்கணும்.”

அன்றைக்குத் திரும்பிப் போன தங்கப்பழம் இன்னும் அந்த ஹாலில்தான் இருக்கிறார். தம்பிகள் நாற்காலி கொண்டுபோனார்கள், வேண்டாம் என்றுவிட்டார். நோட்டில் ‘நிற்கிறார்’ என்றுதானே இருக்கிறது.