வாலிப வெயில்

"நான் ஊருக்கே திரும்பிவிடுகிறேன், அம்மா" என்றார் திருமேனி.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஆயுள் முழுக்க லாரி ஓட்டிவிட்டு, ஞானம் தேடி ஆற்றங்கரை மடத்துக்கு வந்தவர். குருவான சிவகாமவல்லிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

என்ன குறை என்று கேட்டார் குரு.

"வாலிபம் போய்விட்டது. இளமை போனவனுக்குப் பாடம் எங்கே ஏறும்?"

"இரண்டும் ஒன்றா, ஐயா?"

பூவராகன் முந்திக்கொண்டான். மடத்திலேயே வயதில் சின்னவன், இலக்கணத்தில் புலி. இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னான்.

"இளவெயில் என்கிறோம். இளங்காற்று என்கிறோம். வாலிப வெயில் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா?" என்றார் குரு.

அவன் யோசித்தான். அதற்குள் மேற்கே இரைச்சல் கேட்டது.

மூவரும் வெளியே வந்தார்கள்.

வருடக்கணக்கில் மணலாய்க் கிடந்த ஆறு. அதில் தூரத்தில், நுரையும் சருகுமாக, செந்நிறத்தில் புரண்டு வந்துகொண்டிருந்தது புதுவெள்ளம்.

நடு ஆற்றில், ஒரு கருவேலஞ்செடியில் ஆடுகள் கட்டப்பட்டிருந்தன. மேய்க்கிறவளைக் காணவில்லை.

அவளைத் தேடி ஆள் அனுப்பலாம் என்றான் பூவராகன். இறங்கினால் திரும்ப நேரம் இருக்குமா என்றும் பார்க்க வேண்டும் என்றான்.

குரு சேலையை இழுத்துச் செருகினார். அவர் கரை இறங்குவதற்குள் திருமேனி மணலில் ஓடிக்கொண்டிருந்தார்.

முடிச்சுகள் இறுகியிருந்தன. ஒன்றைப் பல்லால் அவிழ்த்தார். கடைசி முடிச்சு அவிழவே இல்லை, செடியையே முறித்தார். குரு ஆடுகளை விரட்ட, ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கரையேறினார். ஏறும்போதே தண்ணீர் கணுக்காலைத் தொட்டுவிட்டது.

ஜில்லென்றிருந்தது. அவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வழிந்தது.

சட்டென்று சிரிப்பு நின்றது. கீழூர்க்காரர்களும் ஆற்றுக்குள்தான் மாடு மேய்ப்பார்கள் என்றார். ஆறு வளைந்து போகிறது, குறுக்கே போனால் தண்ணீருக்கு முன்னால் போய்விடலாம் என்றார். குட்டியைக் குருவின் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"தண்ணி வருது! தண்ணி வருது!"

குரல் தோப்புக்கு அப்பால் போய்க்கொண்டே இருந்தது.

பூவராகன் மெல்ல நடந்து வந்து குருவின் அருகில் நின்றான்.

"வாலிபம் போனவர் இப்படி ஓடலாமா, அம்மா?"

குரு குட்டியின் காதில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார்.

"வாலிபம்தானே போயிற்று" என்றார்.