டார்வினில் சொரிமுத்து வைத்திருந்த முதலை

அம்பாசமுத்திரத்துக்குப் பெண் பார்க்கப் போகும்போதே, ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் அக்கா மகனிடம் கெஞ்சிவிட்டார் குற்றாலிங்கம். "ஏலே சொரிமுத்து, ஆஸ்திரேலியாவைப் பத்திக் கேட்டா வேலையைச் சொல்லு, வெயிலைச் சொல்லு. முதலையை மட்டும் எடுக்காதே." இதுவரை பார்த்த இடமெல்லாம் அவன் வாயால்தான் கெட்டது. இதுவும் தட்டிப்போனால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவர் கவலை.

கேசரி வந்தது. பெண்ணின் அப்பா வேலாயுதம் சும்மா இருக்கமாட்டாமல், "டார்வின்ல முதலை ஜாஸ்தியாமே தம்பி?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"தெருநாய் மாதிரி திரியும் மாமா. மூஞ்சி ஒல்லியா இருந்தா ஆத்து முதலை, அது சாது. அகலமா இருந்தா உப்புத்தண்ணி முதலை, ஆளை முழுங்கிரும். ஒருநாள் குளிக்கப் போறேன், தொட்டியில ஒண்ணு கிடக்கு. கரண்டு வேற இல்லை. மூஞ்சியைத் தடவி ஜாண் போட்டுப் பாத்தேன். அகலம்."

"அதுவரைக்கும் அது சும்மாவா இருந்துச்சு?" என்றார் பெண்ணின் சித்தப்பா.

"கூச்சப்பட்டுச்சு."

குற்றாலிங்கம் அவன் தொடையில் கிள்ளினார். அவன் காலை நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"வாலைப் பிடிச்சு இழுத்தா வந்துக்கிட்டே இருக்கு. வால் தெருமுனைக்குப் போயிருச்சு, தலை இன்னும் தொட்டிக்குள்ள."

"அம்புட்டுப் பெரிய தொட்டியா?"

"சின்னத் தொட்டிதான். சுருண்டு படுத்திருந்துச்சு."

"பொறவு வனத்துறைக்குச் சொன்னீகளா?"

"அது என் கால்ல விழுந்திருச்சே, எப்படிச் சொல்ல? வீட்டோட வச்சுக்கிட்டேன். வாலாலயே வாசலைக் கூட்டிரும். துணியைப் பல்லுல கசக்கி அலசிப் போடும், ஒரு ஓட்டை விழாது. சாம்பார் வச்சா தெருவே மணக்கும்."

"சாம்பாருமா?"

"முதல்ல கொஞ்சம் உப்புக் கூடும். உப்புத்தண்ணி முதலை பாருங்க. ரெண்டு தடவை சொன்னேன், திருத்திக்கிட்டுச்சு. நான் வேலை முடிஞ்சு வார வரைக்கும் சாப்பிடாது, வாசல்லயே கண்ணு வச்சுக் கிடக்கும். வந்ததும் காலைப் பிடிச்சுவிடும்."

வேலாயுதம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. பெண் வீட்டார் இப்படிச் சிரித்துக் குற்றாலிங்கம் எங்கேயும் பார்த்ததில்லை. இந்த இடம் முடிந்துவிடும் என்று அவருக்கே ஒரு தெம்பு வந்தது. சூட்டோடு சூடாகப் பேச்சை முடித்துவிட நினைத்து, காபித் தட்டோடு நின்ற பெண் உலகநாயகியைப் பார்த்து, "உனக்குச் சம்மதமாம்மா?" என்றார்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"மாப்பிள்ளை நல்ல மாதிரிதான்ப்பா. ஆனா ரெண்டாந்தாரமா நான் போகமாட்டேன்."