வரதப்பன் வேனின் பின்சக்கரம்

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை.

ஏலகிரி மலை ஏறுகிற ரோட்டில், முதல் வளைவுக்கு முன்னால், இடதுபக்கம் சைத்தூனின் பிரேக் ஷெட். அவளுக்கு வயசு முப்பத்துநாலு. அவளிடம் தொழில் கற்க வந்த எபனேசருக்கு ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். பிரேக்கை மிதிக்கத் தெரியும், மிதிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரியாது. அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அன்றைக்கு வந்தது வரதப்பனின் வேன். ஷெட் நிற்கிற இடமே வரதப்பனுடையது. மேலே அவருடைய விடுதியில் கல்யாணம். பெண் வீட்டார் பஸ் ஸ்டாப்பில் வேனுக்குக் காத்திருந்தார்கள்.

பின்சக்கரத்து பிரேக் பேட் தேய்ந்து வெறும் தகடாகியிருந்தது. புது பேட் தடிமன். அது உள்ளே உட்காரணும்னா, வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிற பிஸ்டன் பின்னால் போகணும். எபனேசர் கிளாம்ப் மாட்டி முறுக்கினார். மற்ற வண்டிகளின் முன்சக்கரத்தில் சொன்னபடி உள்ளே போகிற பிஸ்டன், இங்கே இம்மியும் அசையவில்லை. கிளாம்ப்பின் கைப்பிடிதான் வளைந்தது.

வரதப்பன் வாட்சைப் பார்த்தார். புது பேடைக் கிரைண்டரில் கொடுத்துப் பாதியாகத் தேய்த்து மாட்டு, யார் குனிந்து பார்க்கப் போறா என்றார். மாட்டேன்னா சாயங்காலத்துக்குள்ளே இடத்தைக் காலி பண்ணிடணும் என்றார்.

எபனேசர் மாஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இடம் அவரோடது மாஸ்டர். நம்ம ரெண்டு வீட்டுச் சோறும் இங்கேதான் இருக்கு. இவர்கிட்டப் போய் முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

சைத்தூன் நேரே பின்சக்கரத்துக்குப் போனாள். குந்தி உட்கார்ந்தாள். கிளாம்பைக் கழற்றித் தூரப் போட்டாள். பிஸ்டன் முகத்தில் எதிரும் புதிருமாக ரெண்டு பள்ளம் இருந்தது.

"ஹேண்ட்பிரேக் பிடிக்கிற பிஸ்டன் அண்ணே. உள்ளே மரை இருக்கு. நீங்க என்ன அமுக்கு அமுக்கினாலும் போகாது, திருகினாத்தான் போகும்."

பள்ளத்தில் ரெட்டை முனை ஸ்பேனரைக் கொடுத்து, அழுத்திக்கொண்டே திருப்பினாள். கால் சுற்று. இன்னொரு கால் சுற்று.

வரதப்பன் அவள் தலைக்கு மேலே நின்று கத்தினார். பொம்பளையிடம் வண்டியை விட்டது தன் புத்தி என்றார். வாடகைக்கு இருக்கிறவளுக்கு இவ்வளவு ராங்கி ஆகாது என்றார். அவள் நிமிரவில்லை. எபனேசருக்குத்தான் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ரெண்டு பின்சக்கரத்திலும் பிஸ்டன் உள்ளே போனது. தேய்க்காத பேட் முழுசாக உட்கார்ந்தது. சக்கரம் மாட்டி ஜாக்கியை இறக்கினதுதான் தாமதம், வரதப்பன் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறி வேனை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

சைத்தூன் நடந்து போய் வேனுக்கு முன்னால் நின்றாள்.

ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை.

"பிரேக்கை மிதிங்க சார்."

எரிச்சலோடு மிதித்தார். சேற்றில் வைத்த மாதிரி கால் தரைவரைக்கும் போனது. வரதப்பன் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் போன பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் எபனேசருக்கு உறைத்தது.

"மறுபடியும்."

மிதித்தார். மறுபடியும் மிதித்தார். அஞ்சாவது மிதியில் கால் கெட்டியாக நின்றது. அவள் விலகி வழிவிட்டாள்.

வரதப்பன் கியரைப் போட்டார். "சாயங்காலம் இடம் காலியா இருக்கணும்" என்றார். வேன் போய்விட்டது.

"நின்னு என்ன மாஸ்டர் கண்டோம்? இடம் போச்சே."

அவள் ஷெட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். எதிர்ப்பக்கம் புறம்போக்கில் ஒரு புங்கமரம். ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு எபனேசரும் பின்னால் போனார். அவள் பலகையை மலையைப் பார்க்கத் திருப்பிவைத்து ஆணி அடித்தாள்.

"மலையேறுற வண்டியெல்லாம் அந்தப் பக்கம் போகுது. இங்கே யாரு மாஸ்டர் நிறுத்துவா?"

"ஏறும்போது எவனுக்கும் பிரேக் நினைப்பு வராது அண்ணே. இறங்கி வரும்போதுதான் வரும்."